திங்கட்கிழமைச் செம்பு

என் வீட்டு மாடி அறையில் குடியிருந்த பானுப்பிரியா, திங்கட்கிழமை காலையில் மலையிலிருந்து இறங்கி வரும்போது முகத்தைப் பார்க்கச் சகிக்காது. முந்தின நாள் முழுக்கப் புருஷனோடு இருந்துவிட்டு வந்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். துஷ்டி வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி இருப்பாள். பையைப் படியில் வைத்துவிட்டு, நான் கொடுக்கும் காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு மேற்கே மலையைப் பார்த்தபடி நிற்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

"ஏண்டி, மலை எங்கயும் ஓடிப்போயிறாது. காப்பி ஆறிப்போகுது, குடி."

"அவரு இந்நேரம் மேக்காட்டுக்கு ஏறியிருப்பாருக்கா."

நான் போடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். கலையரசி டீச்சருக்குப் பொறுமை குறைச்சல் என்று என்னிடம் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். பானு அதே கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில் பிறந்தவள். லயம் என்றால் தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகள். போடியில் விடுதியில் தங்கிப் படித்து, மதுரைக்குப் போய்ப் படித்து, மறுபடியும் போடிக்கே ஆராய்ச்சிக்கு வந்தவள். கட்டினால் பக்கத்து லயத்துச் சின்ராசுவைத்தான் என்று ஒற்றைக் காலில் நின்று கட்டிக்கொண்டாள். அவன் தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரி.

கல்யாணமான சூட்டோடு சூடாக ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் வாரத்தில் ஒரு நாள்தான். சனிக்கிழமை மத்தியானம் கல்லூரியிலிருந்து நேராகப் பஸ்சுக்கு ஓடுவாள். திங்கட்கிழமை விடிந்ததும் முதல் பஸ்சில் இறங்குவாள். போடிமெட்டுக்குக் கீழே மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டால் அந்த ஒரு நாளும் போச்சு. அப்படிப்பட்ட சனிக்கிழமைகளில் அவள் பஸ் நிலையத்துக்குப் போய், ஓடாத பஸ்சில் ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். அந்தக் கிறுக்கை என்னவென்று சொல்வது!

அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே வீடு. காலையில் அவன் சோலிக்குப் போவதை வாசலில் நின்று பார்க்க வேண்டும், சாயங்காலம் அவன் திரும்பி வரும்போது அதே வீட்டில் இருக்க வேண்டும். இவ்வளவுதான். ஊரில் வேண்டாம் வேண்டாம் என்று சண்டை போட்டுக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் எத்தனை பேர்! இவளுக்கு அது கிடைக்கவில்லை.

கிடைப்பதற்கு ஒரு வழி போன வருஷம் சித்திரையில் வந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏலக்காயில் சில லாட்டுகள், அதாவது மொத்தமாகக் கட்டி அனுப்பிய சரக்குகள், செம்பு கூடுதலாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டன. ஏலத்தில் மழைக்காலத்தில் அழுகல் நோய் வரும். அதற்கு மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிப்பார்கள். மலையில் மயில்துத்தத்துக்குப் பெயர் துருசு. பார்க்க மயில் கழுத்து நீலமாக இருக்கும். உள்ளே இருப்பது செம்பு. அளவாக அடித்தால் வம்பில்லை. மழை விடாமல் பெய்தால் பயத்தில் மேலும் மேலும் அடிப்பார்கள். அதனால் தோட்டக்காரர்கள் சிலர் கூட்டுச் சேர்ந்து, பூப்பாறைக்குப் பக்கத்திலேயே ஒரு பரிசோதனைக் கூடம் வைப்பதென்று முடிவு செய்தார்கள். அதற்கு நிர்வாகி அன்புச்செல்வன். அவர் எங்கள் கல்லூரிக்கு வந்து, பானு ஆராய்ச்சிக்காகச் செய்துவைத்திருந்த கருவியைப் பார்த்தார்.

"இது செம்பக் கண்டுபிடிக்கும்னு நிஜமாக் காட்டுங்க. ஆவணியில மாதிரிக்குப் பத்துப் பன்னெண்டு பொட்டலம் ஏலக்கா கொண்டாறோம். எதுல செம்பு இருக்கு, எதுல இல்லன்னு எங்களுக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லமாட்டோம். சரியாச் சொல்லிட்டீங்கன்னா கருவியும் மேல வருது, நீங்களும் மேல வர்றீங்க" என்றார்.

அந்தக் கூடத்திலிருந்து சின்ராசுவின் லயத்துக்கு நடந்தே போய்விடலாம். அன்றைக்கு மாடியில் அவள் பாடிய பாட்டைக் கேட்டு எனக்குத் தலைவலி வந்தது. ஆனாலும் நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை.

அவள் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பின்னால் நடந்தது புரியாது. ஏலக்காயைப் பொடித்து, அழுத்தி, மாத்திரை மாதிரி ஒரு வில்லை செய்வாள். அதன் மேல் லேசர் ஒளியை ஒரு கணம் பாய்ச்சுவாள். டப்பென்று ஒரு சத்தம். பட்ட இடத்தில் ஊசிமுனை அளவு பொடி ஆவியாகி, அணுக்களெல்லாம் உடைந்து, வெள்ளையாக ஒரு பொறி நிற்கும். அதற்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். அந்தப் பொறியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்னென்ன தனிமம் இருக்கிறது என்று தெரியும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடத்தில் கோடு. செம்புக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, கணினித் திரையில் இரட்டைக் கொம்பு மாதிரி எழும்பும்.

சிக்கல் என்னவென்றால் அந்தப் பொறி கண் இமைப்பதற்குள் செத்துப்போகும். நிறைய இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் நன்றாகத் தெரியும். துளி இருக்கிற செம்பு தெரிவதற்குள் எல்லாம் அணைந்துவிடும். பானு என்ன செய்தாள் என்றால், வில்லைக்கு இரண்டு பக்கமும் இரண்டு தகடுகளை நிறுத்தி, அவற்றுக்கு நடுவில் மின்புலம் கொடுத்தாள். பொறிக்குள் இருக்கும் எலக்ட்ரான்களை அந்த மின்புலம் பிடித்து இழுக்கும். அவை ஓடுகிற ஓட்டத்தில் செம்பு அணுக்களை மறுபடியும் மறுபடியும் இடிக்கும். இடிபட்ட அணு மறுபடியும் ஒளி விடும். பொறி கூடுதல் நேரம் நிற்கும், கோடும் பிரகாசமாகும். அளவு மீறிக் கொடுத்தால் தகட்டுக்கும் பொறிக்கும் நடுவே மின்னல் பாய்ந்து காரியம் கெட்டுப்போகும். அந்த அளவைக் கண்டுபிடிப்பதிலேயே அவளுக்குப் பாதி ஆராய்ச்சி முடிந்தது. மின்புலம் இல்லாதபோது சமதரையாக இருந்த இடத்தில், சுவிட்சைப் போட்டதும் இரட்டைக் கொம்பு முளைப்பதை நானே பார்த்திருக்கிறேன். புல்லரித்துவிட்டது. நான் இயற்பியலை இதற்கு முன் அவ்வளவு மதித்ததில்லை.

ஆனி மாதம் வந்தது வினை.

எந்தப் பரிசோதனையிலும் செம்பே கலக்காத சுத்தப் பொடியில் செய்த வெறும் வில்லை ஒன்றை வைத்துப் பார்ப்பது வழக்கம். அதில் செம்பு வரக்கூடாது. வந்தால் கருவி பொய் சொல்கிறது என்று அர்த்தம். பானுவின் வெறும் வில்லையில் செம்பு வந்தது. மின்புலத்தை நிறுத்தினால் இல்லை, போட்டால் இருக்கிறது.

அவளுடைய வழிகாட்டி பிரபாகரன் சார் சாது. கத்தவே தெரியாத மனுஷன். "தகடு பித்தளையாச்சேம்மா. அதுல இருந்துதான் செம்பு வருது. தகட்ட மாத்து" என்றார். மாற்றினாள். எவர்சில்வர் தகடு போட்டாள். செவ்வாய், புதன் கொம்பு சிறுத்தது. வியாழன், வெள்ளி ஒன்றுமே இல்லை. அப்பாடா என்று மலைக்குப் போய்விட்டு வந்தாள். திங்கட்கிழமை மறுபடியும் இரட்டைக் கொம்பு முளைத்து நின்றது.

காய் பொடிக்கிற உரலை மாற்றினாள். சீசாவையெல்லாம் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினாள். பொடி செய்கிற அறையையே துடைத்தெடுத்தாள். வாரக் கடைசியில் போய்விடும், திங்கட்கிழமை திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆடி பிறந்துவிட்டது. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. "வெறும் வில்லையே பொய் சொன்னா, அவங்க கொண்டாற மாதிரிய எப்படிக்கா நம்புவாங்க? இந்த வேலை போயிருச்சுன்னா நான் இப்படியே பஸ்சுலயே கிழவியாயிருவேன்" என்று சொல்லி என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அழுதால் எனக்குக் கோபம்தான் வரும், அதனால் அவளைத் திட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் பையிலிருந்து ஆய்வகத்து வெள்ளைக் கோட்டை எடுத்து உதறினாள். வெளுப்பில் ஒரு நீலச் சாயல்.

"உன் மாப்பிள்ளை நல்லாத்தான் நீலம் போட்டுத் தொவைக்கிறாரு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கோட்டைச் சின்ராசுதான் துவைப்பான் என்று எனக்குத் தெரியும். போடிக் குழாயில் வருகிற உப்புத் தண்ணீரில் வெள்ளைத் துணி பழுத்துப்போகிறது, எங்கள் ஓடைத் தண்ணீரில் நான் துவைத்துத் தருகிறேன் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொள்வானாம். மனைவி உட்கார்ந்திருக்க, அவன் துவைத்து, அலசி, அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்து, மடித்துக் கொடுப்பானாம். கேட்டபோது எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

"நீலமா? அவரு நீலமே வாங்கறதில்லயேக்கா" என்றாள் பானு.

நான் கோட்டின் கையைப் பிடித்துப் பார்த்தேன். "எதுல தொவைக்கிறான்?"

"டிரம்முலதான். பெரிய பிளாஸ்டிக் டிரம்மு. மருந்து கலக்குற…"

அவள் முடிக்கவில்லை. நான் கோட்டைப் பிடுங்கிக்கொண்டு கல்லூரிக்கு ஓடினேன். அவள் பின்னாலேயே வந்தாள். என் ஆய்வகத்தில் கோட்டின் கைமடிப்பை மேசையில் விரித்து, மேலே இரண்டு சொட்டு அம்மோனியா விட்டேன். செம்பு இருந்தால் அம்மோனியா பட்டதும் அடர்ந்த நீலமாகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சோதனைதான். அந்த இடம் அப்படியே கருநீலமாகப் பரவியது.

"பிடிச்சுட்டேன் பாரு!" என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்பிப் பார்த்தால் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

துருசு கலக்குகிற டிரம்மைக் கழுவி, அதில் அவளுடைய கோட்டை ஊறவைத்திருக்கிறான். மலையில் எல்லோரும் செய்வதுதான். பெரிய பாத்திரம் வேறு ஏது? கோட்டில் ஒட்டிய செம்பு, அவள் வில்லை அழுத்தும்போது கைமடிப்பிலிருந்து தூசியாக உதிர்ந்திருக்கிறது. திங்கட்கிழமை நிறைய, வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றுமில்லை. வேறு யாருடைய கருவியாக இருந்தாலும் அவ்வளவு கொஞ்சம் கண்ணுக்குத் தெரிந்தே இருக்காது. இவள் மின்புலம் போட்டு அதைத் தெரியவைத்துவிட்டாள்.

"அவருகிட்ட எப்படிக்கா சொல்வேன்?" என்றாள்.

பிரபாகரன் சார் யோசித்துச் சொன்னார். "கோட்டு மட்டும் இல்லம்மா. உன் பை, சேலை, தலைமுடி எல்லாத்துலயும் இருக்கும். ஆவணிச் சோதனை முடியிற வரைக்கும் நீ மலைக்குப் போகாத. அவரும் கீழ வரவேணாம். வேற வழி தெரியல." சேர்ந்திருப்பதற்காக, இருந்த ஒரு நாளையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார். அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

அன்று சாயங்காலம் போனில் அவனிடம் சொன்னாள். "நான் நல்லதுன்னுல்ல நெனச்சேன்" என்று மட்டும் சொன்னானாம்.

வராதே என்று சொல்லியும் வந்துவிட்டான். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுக்கு எதிரே சைக்கிள் கடை ஓரத்தில் நிற்கிறான். புதுச் சட்டை, புது வேட்டி, மடிப்புக் கலையாமல். பானு மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுவில் ஒரு தெரு. இருவர் காதிலும் போன்.

"எதுக்கு வந்தீக?"

"சும்மாதான். பாக்கணும்போல இருந்துச்சு. கிட்ட வரல, பயப்படாத."

"கையக் காட்டுங்க."

அவன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளையும் மாடியைப் பார்த்து விரித்துக் காட்டினான். "புளியப் போட்டுத் தேச்சேன். பித்தளக் குத்துவிளக்குக் கெட்டுச்சு போ" என்று சிரித்தான். கை முழுக்கத் தோல் உரிந்து சிவந்திருந்தது எனக்கே தெரிந்தது. பானு சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கீழே போய் அவனுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாம் டீச்சரே. டம்ளர்ல ஒட்டிக்கிரும். அது வீட்டுக்குள்ள போகும். அப்புறம் அவ கைக்குப் போகும்."

அவன் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் செத்தது. சைக்கிள் கடைக்காரனிடம் காகிதக் கோப்பை வாங்கி ஊற்றிக் கொடுத்தேன். அவன் அதைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கசக்கித் தன் பையிலேயே போட்டுக்கொண்டான். மத்தியான வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றான். இருவரும் பேசியது கொஞ்சம்தான். பிறகு மலைக்குப் போகிற ஜீப்பு வந்தது, ஏறிப் போய்விட்டான்.

ஆவணியில் அன்புச்செல்வன் மாதிரிகளோடு வந்தார். பிரபாகரன் சார் என்னையும் கூப்பிட்டிருந்தார். பானு முதலில் வெறும் வில்லையை வைத்துச் சுட்டாள். மின்புலம் போட்டும் சமதரை. அவர் கொண்டுவந்ததில் எதில் செம்பு இருந்ததோ அதில் மட்டும் இரட்டைக் கொம்பு எழும்பியது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் எழுந்து நின்று கைகுலுக்கினார். "எப்ப வர்றீங்கம்மா?" என்றார். நான் மனசுக்குள் அவளுக்குப் பால் காய்ச்சியே விட்டேன்.

இந்தக் கழுதை அப்போது வாயைத் திறந்தது.

"சார், ஒண்ணு சொல்லணும். ரெண்டு மாசமா வெறும் வில்லையிலேயே செம்பு வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு துருசு அடிக்கிறவரு. எங்க வீட்டுல இருந்துதான் வந்துச்சு."

மேசைக்கு அடியில் அவள் காலை நறுக்கென்று மிதித்தேன். அவள் நிறுத்தவில்லை. கோட்டைப் பற்றி, டிரம்மைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். அன்புச்செல்வன் கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்ப கூடத்துல வேல பாக்குறவங்க மருந்தடிக்கிற வீட்டுல இருக்க முடியாது, இல்லயாம்மா? நம்மளால ஒருத்தர் லாட்டு தப்பாப் போச்சுன்னா அவரு குடும்பமே போச்சு. கூடத்துக்குப் பக்கத்துல ஒரு வீடு இருக்கு. நீங்க அதுல இருங்க. உங்க வீட்டுக்காரர்…" என்று இழுத்தார். "கொஞ்ச நாள் போகட்டும்."

வீட்டுக்கு வந்ததும் பிடித்து வாங்கினேன். "உன்ன யாருடி கேட்டா? அரிச்சந்திரனுக்குப் பேத்தியா நீ?" அவள் அதைச் சட்டை செய்யவில்லை. "சொல்லாமப் போய் லயத்துல இருந்தேன்னா, தெனமும் வெறும் வில்லையப் பாத்துப் பயந்துக்கிட்டே இருப்பேன்க்கா. அவர் கைய ஒருநாள்கூடச் சந்தோஷமாப் பிடிக்கமுடியாது" என்றாள்.

புரட்டாசிக் கடைசியில் அவள் மேலே போனாள். கூடத்து வீட்டு வாசலில் நின்றால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் சின்ராசுவின் லயம் தெரியும். சாயங்காலம் அவன் அடுப்பு மூட்டினால் புகை தெரியும். கூப்பிட்டால் கேட்கும். முன்பு போடியிலிருந்து அவ்வளவு தூரம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தவள், இப்போது கண்ணெதிரே இருக்கிறவனைக் கூடத்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தாள். "கிட்ட இருக்கறதுதான்க்கா கஷ்டமா இருக்கு" என்று போனில் சொன்னாள்.

மழை ஓய்ந்து கடைசி மருந்தடிப்பு முடிந்ததும் சின்ராசு மேஸ்திரி வேலையை விட்டான். காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புப் பார்க்கிற வேலைக்கு மாறிக்கொண்டான். அவன் கைக்கு மருந்து பூப்போல விழும் என்று மலையில் பெயர் இருந்தது. அதை விட்டது அவனுக்கு வருத்தம்தான். "காடு பூரா ஏறி எறங்குனவன், இப்ப ரூமுக்குள்ள வெறகு தள்ளிக்கிட்டு இருக்கேன் டீச்சரே" என்றான். "ஆனா பரவால்ல" என்றும் சொன்னான்.

அன்புச்செல்வன் சொன்னது ஒன்றுதான். சின்ராசுவின் கையைக் கழுவின தண்ணீர், பானுவின் வெறும் வில்லை மாதிரி செம்பில்லாமல் வர வேண்டும். வந்த அன்றைக்கே அவன் அவள் வீட்டுக்கு வந்துவிடலாம். "வேற யாரு பாக்குறது? நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா" என்று அதையும் அவளிடமே விட்டார். சனிக்கிழமைதோறும் சின்ராசு வேலியோரம் வந்து, அவள் கொடுக்கும் சுத்தத் தண்ணீரில் கையைக் கழுவி சீசாவில் பிடித்துக் கொடுப்பான். அதில் சொட்டு எடுத்து வடிதாளில் விட்டு, உலர்த்தி, லேசரில் சுடுவாள். முதல் வாரம் கொம்பு திரையை முட்டியது. அடுத்தடுத்த வாரம் இறங்கிக்கொண்டே வந்தது.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்தாள். "நாளைக்கு வாங்கக்கா. நாளைக்குச் செம்பு இருக்காதுன்னு தோணுது." குரலே வேறு மாதிரி இருந்தது. நான் ஒரு குக்கர் வாங்கிக்கொண்டு காலைப் பஸ்சில் ஏறினேன்.

போனபோது சின்ராசு வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு டிரங்குப் பெட்டி, சுருட்டிக் கட்டிய பாய், பாத்திர மூட்டை. வீட்டையே காலி செய்துகொண்டு வந்துவிட்டான். என்னைப் பார்த்ததும் வெட்கமாகச் சிரித்தான். "உள்ள போங்க டீச்சரே, பாத்துக்கிட்டு இருக்கா. வெரசா வரச்சொல்லுங்க."

பானு கதவைச் சாத்திக்கொண்டு கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் சமதரை. ஒரு சின்ன மேடுகூட இல்லை.

"இல்லடி! ஒண்ணுமே இல்ல!" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மின்புலம் இன்னும் போடலக்கா" என்றாள்.

போட்டாள். டப்பென்று சத்தம். திரையில், இருந்தும் இல்லாமலும், இரண்டு மொட்டு எழும்பியது. மறுபடி சுட்டாள். மறுபடியும் இரண்டு மொட்டு.

வேலிக்கு வெளியே அவன் யாரிடமோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நிறுத்துடி அத" என்றேன். "சுவிட்ச நிறுத்து. இந்த நாட்டுல எவன் மின்புலம் போட்டுப் பாக்குறான்? போடாமப் பாத்தா இல்ல. இல்லன்னு சொல்லு. ஒரு பொய்யும் இல்ல. போய்க் கதவத் தெற." நான் கெஞ்சினேன். நானாக இருந்தால் நிறுத்தியிருப்பேன், சத்தியமாக நிறுத்தியிருப்பேன்.

அவள் கை சுவிட்சு வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. பிறகு எடுத்துக்கொண்டாள்.

"மத்தவங்க காயில இவ்வளவு இருந்தா, இருக்குன்னுதானக்கா எழுதுறேன்."

எழுந்து வெளியே போனாள். நானும் போனேன். அவளைப் பார்த்ததும் அவன் குனிந்து பெட்டியைத் தூக்கினான்.

"இன்னும் இருக்கு" என்றாள்.

பெட்டியை இறக்கி வைத்தான். "ரொம்பவா?"

"இல்ல. இத்துனூண்டு. மின்புலம் போட்டாத்தான் தெரியுது."

போடாமல் பார்த்திருக்கலாமே என்று அவன் கேட்பான் என்று நான் எதிர்பார்த்தேன். கேட்டால் நானும் சேர்ந்துகொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப போன வாரத்துக்கு இது கொறச்சல்தான?" என்றான்.

"பாதிதான் இருக்கு."

"சரி. அடுத்த சனிக்கெழம வர்றேன்." பாயை எடுத்து அக்குளில் இடுக்கி, பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கினான். மூட்டையைத் தூக்க நான் கை கொடுக்கப் போனேன், தொடவிடவில்லை.

அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அழுகையும் கோபமுமாகத்தான் சொன்னேன்.

"அடுத்த வாரம் அதுல பாதி இருக்கும். அதுக்கடுத்த வாரம் அந்தப் பாதியில பாதி. செம்பு அப்படித்தான்டி, முழுசா எப்பவும் போகாது. நீ மின்புலத்தப் போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கவேண்டியதுதான்."

"தெரியும்க்கா" என்றாள், அவன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே. "ஆனா ஒரு வாரம் எம் மிசினுக்கே தெரியாமப் போயிரும்ல. அன்னைக்கு வரச்சொல்றேன்."